தகடும் கருவியும்: சித்தூர், திருப்பதி வீடுகளில் ஒரு பழைய புளூ-ரே பிளேயர்

குறுந்தகடு என்று தமிழ்நாட்டில் எழுதினார்கள். இறுவட்டு என்று இலங்கைத் தமிழர் எழுதினார்கள், இன்றும் எழுதுகிறார்கள். பேச்சில் இரண்டுமே நிலைக்கவில்லை. பாட்டு இருந்தாலும் படம் இருந்தாலும் கல்யாண வீடியோ இருந்தாலும் வீட்டு வழக்கில் அது 'சிடி'தான். அதற்கு முந்தைய வீடியோ கேசட் கருவிக்கு 'டெக்' என்று பெயர். டெக் வாடகைக்கு எடுத்து விடிய விடியப் படம் பார்த்த தலைமுறையின் பேச்சில் கருவி மறைந்த பிறகும் அந்தச் சொல் தங்கிவிட்டது. 'புளூ-ரே' என்ற பெயர் மட்டும் வீட்டுப் பேச்சுக்குள் வரவே இல்லை. பொருள் வராத இடத்தில் சொல் எப்படி வரும்? ஆனால், உலகச் சந்தையில் புளூ-ரேயின் காலம் ஏறக்குறைய முடிந்துவிட்ட இப்போதுதான், கைமாறி வரும் பழைய பிளேயர் ஒன்றைச் சித்தூரிலோ திருப்பதியிலோ ஒரு வீடு வாங்கி வைப்பதற்கு நியாயமான காரணம் தோன்றியிருக்கிறது. அந்தக் காரணத்தைப் புரிந்துகொள்ள, தகடுகள் இந்த வட்டாரத்து அலமாரிக்கு வந்து சேர்ந்த வரலாற்றைக் கொஞ்சம் பின்னோக்கிப் பார்க்க வேண்டும்.

சித்தூர் மாவட்டம் 1911இல் வட ஆர்க்காட்டிலிருந்து பிரித்து அமைக்கப்பட்டது. 1953இல் ஆந்திரம் தனி மாநிலமானபோது அம்மாவட்டம் ஆந்திரத்தோடு போயிற்று. ம.பொ.சி. முன்னின்று நடத்திய வடக்கெல்லைப் போராட்டமும், அதன் பின் வந்த படாஸ்கர் தீர்ப்பும் 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணியைச் சென்னை மாநிலத்துக்கு மீட்டுத் தந்தன. சித்தூரும் திருப்பதியும் அங்கேயே நின்றுவிட்டன. 2022இல் திருப்பதி தனி மாவட்டமும் ஆகிவிட்டது. நிர்வாகக் கோடுகள் இத்தனை முறை மாறினாலும் கடைத்தெருப் பழக்கம் அவ்வளவு எளிதில் மாறுவதில்லை. சித்தூரிலிருந்து வேலூர் கூப்பிடு தூரம். திருப்பதியிலிருந்து சென்னை ஒரு பகல் பயணம், போய்வர. மின்னணுப் பொருள் என்றால் சென்னைக் கடற்கரை நிலையத்தின் எதிரே பர்மா பஜார், அல்லது அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெரு. 1960களின் இறுதியில் பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்களின் பிழைப்புக்காக அமைந்த அந்தக் கடை வரிசை, தென்னிந்திய வீடுகளுக்கு வெளிநாட்டுக் கருவிகளை அறிமுகம் செய்த வாயில். அங்கே விற்ற தகடுகளில் எத்தனை முறையானவை என்பது வேறு கதை. திருட்டு வீடியோவைத் தடுக்கத் தமிழ்நாடு அரசு 2004இல் குண்டர் தடுப்புச் சட்டத்தையே விரிவாக்க வேண்டியிருந்தது என்பது அந்தக் கதையின் அளவைச் சொல்லும்.

மேற்கில் விஎச்எஸ் கேசட்டிலிருந்து நேரே டிவிடிக்குப் போனார்கள். இந்தியாவிலும் சீனாவிலும் தென்கிழக்காசியாவிலும் நடுவே விசிடி வந்தது. 1993இல் பிலிப்ஸ், சோனி முதலிய நிறுவனங்கள் வகுத்த அந்தத் தரத்தில் படத்தின் அளவு 352க்கு 288 புள்ளிகள். ஒரு தகட்டில் ஒன்றேகால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாகவே அடங்கும். ஆகவே ஒரு தமிழ்ப் படத்துக்கு இரண்டு அல்லது மூன்று தகடுகள். திரையரங்கில் இடைவேளை விட்டது போல வீட்டில் தகடு மாற்றினார்கள். பிறகு 2006இல் மோசர் பேயர் நிறுவனம் விசிடியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் விற்கத் தொடங்கியது. 1983இல் நேரப்பதிவுக் கருவி செய்யத் தொடங்கி, நெகிழ்வட்டுக்கு மாறி, எழுதும் குறுந்தகட்டில் உலகின் பெரிய உற்பத்தியாளர்களுள் ஒன்றாகிய நிறுவனம் அது. திருட்டுத் தகட்டின் விலைக்கே முறையான தகட்டை விற்பது அதன் கணக்கு. பேருந்து நிலையக் கடையிலும் மளிகைக் கடையிலும் தமிழ்ப் படம் சட்டப்படி கிடைத்தது அப்போதுதான். வீட்டு நூலகம் என்று சொல்லத்தக்க அளவுக்கு எளிய குடும்பங்கள் படங்களைச் சேர்த்ததும் அந்தச் சில ஆண்டுகளில்தான். திரைப்பட வரலாறு எழுதுவோர் நட்சத்திரங்களுக்குத் தரும் இடத்தில் ஒரு பத்தியாவது இந்த 28 ரூபாய்த் தகட்டுக்குத் தர வேண்டும். 2018இல் அந்நிறுவனத்தைக் கலைக்கத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது.

அதே 2006இல்தான் உலகச் சந்தையில் முதல் புளூ-ரே பிளேயர்கள் வந்தன. ஜப்பானில் மட்டும் சோனி 2003லேயே ஒரு பதிவுக் கருவியை விற்றது. பெயரிலுள்ள நீலம் உண்மையில் ஊதாவை ஒட்டியது. குறுந்தகட்டைப் படிக்கும் லேசரின் அலைநீளம் 780 நானோமீட்டர், டிவிடிக்கு 650, புளூ-ரேக்கு 405. அலை குறுகக் குறுக, அது படிக்கும் குழியும் சிறிதாகலாம். அதனால்தான் ஒரே அளவுத் தகட்டில் 700 மெகாபைட், 4.7 கிகாபைட், 25 கிகாபைட் என்று கொள்ளளவு ஏறியது. இந்தக் குறுகிய அலையைத் தரும் காலியம் நைட்ரைடு குறைகடத்தியை வசப்படுத்தப் பல ஆண்டுகள் ஆயின. அதே ஆய்வு வழியில் நீல விளக்கைக் கண்ட அகாசாகி, அமானோ, நாகமுரா ஆகிய மூவருக்கு 2014இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. தோஷிபாவின் எச்டி டிவிடியோடு நடந்த போட்டி 2008 பிப்ரவரியில் தோஷிபா விலகியதோடு முடிந்தது.

வென்ற வடிவம் சித்தூர் வீட்டுக்கு ஏன் வரவில்லை என்பதற்குப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. 2007இல் இந்தியாவுக்கு வந்த பிளேஸ்டேஷன் 3 விளையாட்டுக் கருவிதான் அக்காலத்தில் கிடைத்த நல்ல புளூ-ரே பிளேயர். அதன் விலை ஏறத்தாழ 40,000 ரூபாய். அந்தப் பணத்துக்கு மோசர் பேயர் விசிடி ஆயிரத்து நானூறு வாங்கலாம். புளூ-ரேயின் படம் விசிடியைவிட இருபது மடங்கு புள்ளிகள் கொண்டது என்பது உண்மைதான். ஆனால் அந்த இருபது மடங்கைக் காட்டும் தொலைக்காட்சி அன்று எத்தனை வீடுகளில் இருந்தது? குழாய்த் தொலைக்காட்சியில் இரண்டுக்கும் இருந்த வேறுபாட்டை, படத்தில் ஆழ்ந்திருந்த ஒருவர் கவனித்திருக்கவே மாட்டார். தமிழ்ப் படங்களின் புளூ-ரே பெரிதும் வெளிநாட்டுத் தமிழருக்காகவே வந்தது. லண்டனைச் சார்ந்த ஐங்கரன் நிறுவனம் டிவிடியில் தொடங்கிப் பின்னர் புளூ-ரேயிலும் படங்களை வெளியிட்டது. உறவினர் பெட்டியில் வந்த ஓரிரு தகடுகள் இங்கே அலமாரியில் போடுவதற்குக் கருவி இல்லாமலேயே கிடந்தன.

வீடுகள் பெரிய தட்டைத் தொலைக்காட்சிக்கு மாறியபோது தகட்டையே மறந்துவிட்டன. இதில் ஓர் உள்ளூர் முரண் உண்டு. 2015 ஆகஸ்டில் ஷாவ்மி நிறுவனத்தின் இந்தியத் தயாரிப்புக் கைப்பேசிகள் முதன்முதலாக வெளிவந்தது ஸ்ரீசிட்டியில், ஃபாக்ஸ்கான் ஆலையில். சத்தியவேட்டை ஒட்டிய அந்தத் தொழில் நகரம் அன்றைய சித்தூர் மாவட்ட எல்லையில்தான் இருக்கிறது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்தது. கைப்பேசியில் படம் பார்க்கும் பழக்கம் தகட்டுக் கடைகளை மூடியபோது, அந்தப் பழக்கத்துக்கான கருவிகளுள் ஒரு பகுதி இதே மண்ணில் பூட்டப்பட்டுக்கொண்டிருந்தது. இன்று ரேணிகுண்டாவை ஒட்டிய மின்னணு ஆலைகளில் தொலைக்காட்சிகளும் உருவாகின்றன.

அப்படியானால் இன்று ஒரு பழைய புளூ-ரே பிளேயரை ஏன் வாங்க வேண்டும்? புளூ-ரே படம் பார்ப்பதற்காக என்பது பாதி விடைகூட இல்லை. அந்தப் பெட்டிக்குள் பொதுவாக மூன்று லேசர்கள் உள்ளன: நீலம் புளூ-ரேக்கு, சிவப்பு டிவிடிக்கு, அகச்சிவப்பு குறுந்தகட்டுக்கு. இருபத்தைந்து ஆண்டுகளாக வீட்டில் சேர்ந்த எல்லா வகைத் தகடுகளையும் ஒரே இடத்தில் படிக்க வல்லதாகப் பெருவாரியாகத் தயாரான கடைசிக் கருவி அதுவே. டிவிடியின் 576 வரிகளை இன்றைய தொலைக்காட்சியின் அளவுக்குப் பெரிதாக்கி எச்டிஎம்ஐ வழியே அனுப்பவும் செய்யும். படம் வாங்குவது இப்போது நோக்கமில்லை. ஏற்கெனவே வாங்கியதைப் படிக்க ஒரு கண் வாங்குவதுதான் நோக்கம்.

அந்தக் கண் எங்கிருந்து வந்தது என்பது முக்கியம். புளூ-ரே உலகத்தை மூன்றாகப் பிரித்தது. அமெரிக்கா, ஜப்பான், தென்கிழக்காசியா ஏ மண்டலம். ஐரோப்பா, ஆப்பிரிக்கா, மேற்காசியா, ஆஸ்திரேலியா பி மண்டலம். இந்தியாவும் இலங்கையும் சீனாவும் ருஷ்யாவும் சி மண்டலம். டிவிடிக்கு வேறு கணக்கு: இந்தியா 5, அமெரிக்கா 1, வளைகுடா 2, சிங்கப்பூர் 3. சித்தூர், கடப்பை வட்டாரங்களிலிருந்து குவைத்துக்கு வேலைக்குப் போனவர்கள் நிறைய. அங்கிருந்து வந்த பிளேயர் பி மண்டலத்தது. நம் மின்னழுத்தத்துக்கு அது ஒத்துவரும், நம் பால் ஒளிபரப்பு முறையில் பதிந்த டிவிடியையும் படிக்கும், ஆனால் இந்தியக் கடையில் வாங்கிய மண்டலப் பூட்டுள்ள ஆங்கிலப் படத் தகட்டை மறுக்கும். சிங்கப்பூரிலிருந்து வந்ததும் ஏறக்குறைய அப்படியே. அமெரிக்காவிலிருந்து மகனோ மகளோ கொண்டுவந்ததுதான் பெரும் தொல்லை. பல மாதிரிகள் 120 வோல்ட்டுக்கு மட்டும் செய்யப்பட்டவை, நேரடியாகச் செருகினால் புகை வரும். மின்மாற்றி வைத்துக் காப்பாற்றினாலும், அமெரிக்கச் சந்தைப் பிளேயர்களில் பல பால் முறை டிவிடியை ஏற்பதில்லை. திருச்சானூரிலோ திருமலையிலோ நடந்த கல்யாணத்தை உள்ளூர் ஸ்டுடியோக்காரர் பால் முறையில்தான் பதிந்து கொடுத்திருப்பார். அந்தத் தகட்டில் மண்டலப் பூட்டு ஏதும் இல்லை, ஆயினும் கருவி வாய் திறக்காது. தமிழ்ப் படங்களின் புளூ-ரே தகடுகள் பெரும்பாலும் மண்டலப் பூட்டு இல்லாமல் வந்ததால், சொந்த மொழியின் படத்தை எந்த நாட்டுப் பிளேயரும் காட்டிவிடும். சொந்தக் கல்யாணத்தைத்தான் காட்டாது.

'பழையது' என்பதற்கும் இங்கே நுட்பமான வேறுபாடு உண்டு. பழமை என்றால் குறை என்று எடுத்துக்கொள்ளக்கூடாது. புளூ-ரேயின் பூட்டு முறையை ஆளும் ஏஏசிஎஸ் அமைப்பின் விதிப்படி, 2010 இறுதிக்குப் பின் வடிவமைத்த பிளேயர்கள் அனலாக் கம்பி வழியே உயர்தரப் படத்தை அனுப்பக் கூடாது. 2013 இறுதிக்குப் பின் செய்தவை அந்த வழியே பூட்டிய படத்தை அனுப்பவே கூடாது. எனவே, எச்டிஎம்ஐ துளை இல்லாத பழைய தொலைக்காட்சியோ புரொஜெக்டரோ வைத்திருக்கும் வீட்டுக்கு 2009ஆம் ஆண்டுப் பிளேயர் செய்யும் வேலையை 2015ஆம் ஆண்டுப் பிளேயர் செய்யாது. மறுபுறம், புதிய தகடுகள் புதிய விசைகளோடு வருகின்றன. தயாரித்த நிறுவனம் மென்பொருளைப் புதுப்பிப்பதை நிறுத்திவிட்டால், பழுதே இல்லாத பிளேயர் புதிய தகட்டின் முன் குருடாகும். பிளேஸ்டேஷன் 3 இதில் விதிவிலக்கு. அந்தக் கருவி வந்து பதினெட்டு ஆண்டு கழித்து, 2025லும் புளூ-ரே விசையைப் புதுப்பிக்க சோனி ஒரு மென்பொருளை வெளியிட்டது. பழைய சந்தையில் அதன் மதிப்பு குறையாமல் இருப்பதற்கு விளையாட்டு மட்டும் காரணமல்ல.

வாங்குபவர் கையில் ஒரே ஒரு தகட்டை எடுத்துப்போய்ச் சோதிப்பது போதாது. லேசர்கள் தனித்தனியாக மூப்படைகின்றன. புளூ-ரேயை அழகாகக் காட்டும் பிளேயர் டிவிடியைத் தேடித் தேடிக் களைத்து 'தகடு இல்லை' என்று சொல்வதுண்டு. குறுந்தகடு, டிவிடி, புளூ-ரே மூன்றும் தேவை. விசிடி வைத்திருக்கும் வீடு நான்காவதாக அதையும் எடுத்துப்போக வேண்டும், ஏனெனில் சில புளூ-ரே பிளேயர்கள் விசிடியை ஏற்பதில்லை. தட்டு தயங்கித் தயங்கி வெளிவந்தால் உள்ளே உள்ள ரப்பர் பட்டை தளர்ந்திருக்கிறது என்று பொருள். அது சில ரூபாய்ச் செலவு. லேசர் போயிருந்தால் அதே மாதிரி இன்னொரு பழைய பிளேயரை அறுத்துத்தான் எடுக்க வேண்டும். ரிமோட் இல்லாத பிளேயரை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் யோசிக்க வேண்டும். முகப்பில் மூன்று பொத்தான் மட்டுமே உள்ள கருவியில் மொழி, வசன வரி, திரை அளவு எதையும் அதில்லாமல் தொட முடியாது.

படிக்கும் கருவி போனபின் தகடு மட்டும் எஞ்சுவது இந்த வட்டாரத்துக்குப் புதிதல்ல. தாள்ளபாக்கம் அன்னமாச்சாரியார் 1408 முதல் 1503 வரை வாழ்ந்தவர். அவர் பாடல்களை அவருடைய வழியினர் செப்புத் தகடுகளில் பொறித்துத் திருமலைக் கோயிலின் சங்கீர்த்தன பண்டாரத்தில் வைத்தனர். 1920களில் அவை வெளியே எடுக்கப்பட்டன. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட தகடுகள். சாது சுப்பிரமணிய சாஸ்திரியும் வேட்டூரி பிரபாகர சாஸ்திரியும் போன்ற அறிஞர்கள் படித்துப் பதிப்பித்தனர். சொற்கள் முழுதாகக் கிடைத்தன, ஒவ்வொரு பாடலுக்கும் இராகத்தின் பெயரும் கிடைத்தது. மெட்டு கிடைக்கவில்லை. சுரக்குறிப்புப் பொறிக்கப்படவில்லை. தொண்டையிலிருந்து தொண்டைக்கு வந்த பாடும் முறை இடையில் அறுந்துவிட்டது. பின்னர் இராள்ளப்பள்ளி அனந்தகிருஷ்ண சர்மா முதலியோர் புதிதாக மெட்டமைத்தனர். இன்று திருப்பதியில் காலையில் ஒலிக்கும் அன்னமையா பாடல் சொல்லால் பதினைந்தாம் நூற்றாண்டையும் இசையால் இருபதாம் நூற்றாண்டையும் சேர்ந்தது. எம்.எஸ். சுப்புலட்சுமி பாடிய இசைத்தட்டாக வீட்டுக்குள் வந்து, கேசட்டாகி, குறுந்தகடாகி, அதே வரிசை அலமாரியில் விசிடிக்கு அருகே உட்கார்ந்திருக்கிறது. செம்புக்கும் பாலிகார்பனேட்டுக்கும் ஒரு வேறுபாடு: செம்பைப் படிக்கக் கண்ணும் எழுத்தறிவும் போதும். புளூ-ரேக்கு 405 நானோமீட்டர் ஒளியும், விசையும், அந்த விசையைத் தர உரிமம் பெற்ற நிறுவனமும் வேண்டும். இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012இல் சேர்ந்த 65அ பிரிவு, உரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைப்பதைக் குற்றமாக்கியது.

மொழி பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஒரு டிவிடியில் எட்டு ஒலித்தடங்களும் முப்பத்திரண்டு வசன வரித் தொகுதிகளும் வைக்கலாம். புளூ-ரேயில் இன்னும் அதிகம். தாத்தா தமிழிலும் பேரப்பிள்ளை தெலுங்கிலும் பேசும் சித்தூர் வீட்டுக்கு இதைவிடப் பொருத்தமான கருவி இருந்திருக்க முடியாது. ஒரே தகடு, ரிமோட்டில் ஒரு பொத்தான். நடைமுறையில் அது அரிதாகவே நடந்தது. உரிமைகள் மொழிவாரியாக விற்கப்பட்டன, எனவே தகடுகளும் மொழிவாரியாக வந்தன. தமிழ்ப் படத்துக்குத் தமிழ் வசன வரி என்பதும் அக்காலத் தகடுகளில் அபூர்வம். ஆங்கில வரிதான் இருக்கும். எட்டுத் தடங்களில் ஏழு காலியாக இருந்த அந்தத் தகடுகள், தொழில்நுட்பம் அனுமதித்ததை வணிகம் மறுத்ததற்குச் சான்று. இன்று இணையத் தளங்கள் ஒரே படத்தை நான்கைந்து மொழிகளில் தருகின்றன. இந்த ஒரு விஷயத்தில் தகடு தோற்றது சரிதான்.

கருவிகள் நின்றுகொண்டே வருகின்றன. ஓப்போ 2018இல் விலகியது. சாம்சங் 2019இல் அமெரிக்கச் சந்தைக்குப் புதிய மாதிரிகளை நிறுத்தியது. எல்ஜி 2024இல் நிறுத்தியது. எழுதும் புளூ-ரே தகடு செய்வதை சோனி 2025 பிப்ரவரியில் கைவிட்டது. ஆலையில் அழுத்திச் செய்த படத் தகடு கீறாமல் வைத்தால் நெடுநாள் இருக்கும். கல்யாணத் தகடு அப்படியல்ல. அது சாயப் பூச்சில் லேசரால் எழுதியது. வெயிலிலும் வெக்கையிலும் சாயம் மங்கும். பல வீடுகளில் அதுவே அலமாரியின் மிகப் பழைய தகடு. முகூர்த்தம் வரை ஓடிவிட்டுத் தாலி கட்டும் இடத்தில் உறைந்து நிற்கும் டிவிடியை, லேசர் தெளிவாக உள்ள இன்னொரு பிளேயர் சில சமயம் தாண்டிப் படித்துவிடுகிறது.

ஆனால் பிளேயர் அதைத் திரையில் காட்டுமே தவிர, பிரதி எடுக்காது. அதற்குக் கணினியில் பொருத்தும் டிவிடி டிரைவ் வேண்டும். புதிய மடிக்கணினிகளில் அது வருவதில்லை. யுஎஸ்பி வழியே இணைக்கும் தனி டிரைவ் ரிச்சி தெருவில் இன்னும் கிடைக்கிறது. கல்யாணத் தகட்டில் பூட்டு இல்லாததால் அதை அப்படியே வன்தட்டுக்கு மாற்றிவிடலாம், சட்டத்தடை ஏதும் இல்லை. ஸ்டுடியோக்காரரிடம் மூல வீடியோ இருக்குமா என்று கேட்பதானால் அதையும் இப்போதே கேட்டுவிட வேண்டும். மினி டிவி கேசட்டில் பதிந்த அந்த மூலத்தைப் படிக்கவும் இன்னொரு பழைய கருவி வேண்டும்.